கண்ணாடிக்குள் ஒரு செங்கவருக்கை

சேசு மரி சூசை

தேவிகுளம் மலை
11 ஏப்ரல் 1948

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை கிரேசியின் புருஷன் ததேயுஸ் எழுதுகிறேன். கவரில் என் பெயரைப் போடவில்லை. போட்டால் பிரிக்க மாட்டீர்கள் என்று பயம். கிரேசி உங்களுக்கு அனுப்பிய மூன்று கடிதங்களும் பிரிக்காமலே திரும்பி வந்தன. அவற்றைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

வருகிற மே மூன்றாம் தேதியோடு அவள் போய் ஒரு வருஷம். தந்தி கிடைத்திருக்கும். விஷக்காய்ச்சல், இருபத்தொரு நாள் கிடந்தாள். கடைசி வாரம் வாயில் ஒன்றும் பிடிக்கவில்லை. "எங்க வீட்டுக் கிணத்தடி மாவுல செங்கவருக்கை இப்போ பழுத்துக் கிடக்கும். அண்ணன் காக்கைக்குக் குடுத்தாலும் குடுப்பாவ, எனக்குத் தரமாட்டாவ" என்று சொல்லிச் சிரித்தாள். மூணாறு கடையெல்லாம் தேடி ஒரு மாம்பழம் வாங்கி வந்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "இது அதில்ல" என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

இந்த மலையில் மாமரம் வராது. மார்கழிப் பனியில் கன்று கருகிப் போகும். ஆனால் பாக்டரியில் பழைய ஜன்னல்களைக் கழற்றியபோது, முனை உடைந்த கண்ணாடிகளைத் துரை என்னை எடுத்துக்கொள்ளச் சொன்னார். தேயிலைப் பெட்டிப் பலகையில் சட்டம் அடித்து, வீட்டுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி வீடு கட்டியிருக்கிறேன். நாலு பக்கத்துக்குமாக முப்பத்து நாலு கண்ணாடி, கூரைக்குப் பன்னிரண்டு. உள்ளே போய் நின்றால் உங்கள் ஊர் வெயில்போல இருக்கிறது.

அந்த மரத்திலிருந்து ஒரு ஒட்டுக் கன்று தருவீர்களா? காய்த்தால் முதல் பழத்தை அவள் கல்லறையில் வைக்க வேண்டும். வேறே ஒன்றும் உங்களிடம் கேட்க மாட்டேன்.

ததேயுஸ்


மயிலாடி
30 ஏப்ரல் 1948

ததேயுஸுக்கு,

உம்முடைய கடிதத்தைப் பிரித்துவிட்டேன். கவரில் பெயர் போடாமல் அனுப்பியது தந்திரம். இனி அப்படிச் செய்ய வேண்டாம்.

அப்பா இறந்தபின் கிரேசியை நர்ஸுக்குப் படிக்க வைத்தவன் நான். அவளோ, ஆஸ்பத்திரி இஞ்சினைப் பழுதுபார்க்க வந்த உம்மோடு போய், எங்கள் சபைக்கு வெளியே, உம்முடைய ஊர் இனயத்தில், உங்கள் கத்தோலிக்கக் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டாள். அந்த வருடமே சபைக் கமிட்டியிலிருந்து என் பெயரை எடுத்தார்கள். தலைமை ஆசிரியர் நாற்காலியும் என்னைவிட ஆறு வயது இளையவனுக்குப் போயிற்று. அவன் எழுதும் ஆங்கிலத்தை இன்றைக்கும் நான்தான் திருத்திக்கொடுக்கிறேன். "தங்கச்சியையே அடக்கத் தெரியாதவர், இருநூறு பிள்ளைகளை எப்படி அடக்குவாரு?" என்று கோயில் வாசலில் ஒருவர் சொன்னார். சொன்னவர் பெயரும் நினைவிருக்கிறது, அன்றைக்கு அவர் போட்டிருந்த சட்டையும் நினைவிருக்கிறது. நான் மறக்கிற ஆள் அல்ல.

மரத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர். மரம் இருக்கிறது. இவ்வருடம் கொம்பு தாழக் காய்த்திருக்கிறது. உமக்குத் தருவதற்கு அதில் ஒன்றுமில்லை.

மாமரத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வளர்க்கப் போகிறேன் என்று என் வகுப்பில் எவனாவது சொன்னால் பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்துவேன்.

நேசையன்


தேவிகுளம் மலை
6 ஜூன் 1948

மச்சான் அவர்களுக்கு,

பதில் எழுதினீர்களே, அது போதும்.

உங்கள் கடிதத்தைக் கல்லறைக்குக் கொண்டுபோய் கிரேசிக்கு வாசித்துக் காட்டினேன். திட்டியதையெல்லாம் விட்டுவிட்டேன். மரம் கொம்பு தாழக் காய்த்திருக்கிறது என்ற வரியை மட்டும் இரண்டு தரம் வாசித்தேன். என்னைப் பைத்தியம் என்று நினைக்காதீர்கள். தேயிலைக் காட்டு நடுவில் ஒரு மேட்டு இடம், சுற்றிலும் யாருமில்லை. என்ன சொன்னாலும் யார் கேட்கப் போகிறார்கள்?

எங்கள் எஸ்டேட்டு கணக்கப்பிள்ளை முத்துநாயகம் ஆகஸ்டு மாதம் ஊருக்கு வருகிறார். உங்கள் தெரு வழியாகத்தான் போவார். வந்து கேட்பார். இல்லையென்றால் வெறுங்கையோடு திரும்பட்டும். எனக்கு வருத்தமில்லை.

ததேயுஸ்


மயிலாடி
21 ஆகஸ்ட் 1948

ததேயுஸுக்கு,

உம்முடைய முத்துநாயகம் வந்து என் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். "கன்று தராம எழும்பமாட்டேன் சாரே. ததேயுஸுக்க மூஞ்சியில வெறுங்கையோட போய் முழிக்க எனக்குக் கழியாது" என்றார். பள்ளிக்கூடம் போய்த் திரும்பினேன், அப்போதும் அதே படி. மரத்தைப் பார்க்க வேண்டும் என்றார். பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.

கன்றைத் தகர டின்னில் வைத்து அவரிடம் கொடுத்திருக்கிறேன். ஒட்டு எப்படிக் கட்டுவது என்று உமக்குத் தெரிந்திருக்காது. நாற்றைச் சட்டியோடு பரண்மேல் தூக்கிவைத்து, தாய்மரத்தின் கொம்போடு சேர்த்து, இரண்டின் தோலையும் சீவி, வாழைநாரால் இறுக்கிக் கட்டி, மேலே களிமண்ணும் சாணமும் பூச வேண்டும். மூன்று மாதம் தாயோடு இருந்த பிறகுதான் அறுத்து இறக்கலாம். இது பக்கத்து வீட்டுத் தாணம்மாளுக்காக மே மாதம் கட்டியது. அவளுக்கு அடுத்த வருடம் கட்டிக் கொடுத்துக்கொள்கிறேன்.

நாரை அவிழ்க்க வேண்டாம். தானாக இற்று விழட்டும். மூன்றாம் வருடம் பூக்க வேண்டும். பூக்காவிட்டால் குற்றம் உம்முடைய கண்ணாடியின்மேல்தான், என் கன்றின்மேல் அல்ல.

இதனால் நமக்குள் எதுவும் சரியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம்.

நேசையன்


தேவிகுளம் மலை
19 ஜனவரி 1949

அன்பு மச்சான் அவர்களுக்கு,

முத்துநாயகம் கன்றை மடியில் வைத்துக்கொண்டே வந்தாராம். போடியிலிருந்து மலையேறுகிற பஸ்ஸில் ஒரு அம்மாள் கைக்குழந்தையோடு நின்றிருக்கிறாள். "வே, இத கீழ வச்சிட்டு பிள்ளைய வாங்கும்" என்று கண்டக்டர் சொல்ல, "பிள்ளைய இன்னொருத்தர் வாங்கலாம், இத நான்தான் வாங்க முடியும்" என்றாராம். சண்டையே வந்திருக்கிறது.

இந்த வருஷம் பனி கடுமை. விடிகாலையில் புல்லெல்லாம் உப்புக் கொட்டினாற்போல வெள்ளை. தேயிலை உலர்த்துகிற அடுப்பின் சூட்டுச் சாம்பலை மண்ணெண்ணெய் டின்களில் அள்ளி வந்து உள்ளே நாலு மூலைக்கும் வைக்கிறேன். வெளியே பட்டாணிக் கொடி கருகிவிட்டது. உங்கள் கன்று ஒரு புதுக் கொழுந்து விட்டிருக்கிறது. செம்பு நிறம். அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது, மச்சான். வெட்கமாகத்தான் இருக்கிறது எழுத.

அந்தக் கொழுந்தைப் பற்றி அவளிடம் சொன்னேன். இந்த வருஷமும் மரம் காய்த்ததா என்று எழுதுங்கள். வாசித்துக் காட்ட ஆசை.

ததேயுஸ்


மயிலாடி
12 ஜூன் 1949

ததேயுஸுக்கு,

காய்த்தது. கிழக்குக் கொம்பில் மட்டும் நூற்றுக்குமேல்.

அந்தக் கிழக்குக் கொம்பில்தான் கிரேசி ஏறி உட்கார்ந்து பாடம் படிப்பாள். கீழே நின்று நான் கேள்வி கேட்பேன். பதில் தெரியாவிட்டால் ஒரு மாங்காயைப் பறித்து என் தலைக்குக் குறிவைப்பாள். "தெரியாதுன்னு சொல்லேன் ஏட்டி" என்றால், "தெரியாதுன்னு சொல்லுகதுக்கு இதுதான் எளுப்பம்" என்பாள். இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. வாசிப்பதானால் இதையும் வாசியும்.

இங்கே புதிதாக ஒன்றுமில்லை. தலைமை ஆசிரியருக்கு வெள்ளிக் கோப்பை கொடுத்துப் பாராட்டினார்கள். வாழ்த்துரையை நான் எழுதினேன், வேறொருவர் வாசித்தார்.

நேசையன்


தேவிகுளம் மலை
4 மார்ச் 1951

அன்பு மச்சான் அவர்களுக்கு,

மூன்றாம் வருஷமும் தாண்டப் போகிறது. பூக்கவில்லை.

மரம் நன்றாகத்தான் நிற்கிறது. ஒட்டு மரம் குட்டையாக நிற்கும் என்று முத்துநாயகம் சொன்னார். இது என்னைவிட உயரமாகி, உச்சி கண்ணாடியில் முட்டிவிட்டது. கூரையைக் கழற்றி, நாலு காலுக்கும் ஒட்டுப் போட்டு மூன்றடி உயர்த்தி, இடைவெளிக்குப் பலகை அடித்தேன். மறுபடி மாட்டும்போது இடம் தப்பக்கூடாது என்று கண்ணாடிக்கெல்லாம் சுண்ணாம்புக் கட்டியால் எண் எழுதிக்கொண்டேன். பிட்டர் வேலைப் பழக்கம்.

நீங்கள் சொன்னபடி நாரை அவிழ்க்கவே இல்லை. போன மாதம் தானாக இற்று விழுந்தது. உள்ளே தண்டு வழுவழுவென்று இருக்கிறது. நல்ல கை உங்களுக்கு. நான் எவ்வளவு கவனமாகக் குழாயைப் பற்றவைத்தாலும் தழும்பு தெரியும்.

லய வீடுகளில் இருக்கிற ஆட்களுக்கு என் மரம் ஒரு வேடிக்கை. "ததேயுஸண்ணே, மாமியா வீட்டுச் சீதனத்தக் கண்ணாடிப் பெட்டியில பூட்டி வச்சிருக்கியளாமே, எப்போ திறப்பிய?" என்கிறார்கள். நானும் சிரித்துவைக்கிறேன்.

நான் ஏதாவது தவறாகச் செய்கிறேனா? வெயில் போதவில்லையா, சாம்பல் சூடு அதிகமா? படித்தவர் நீங்கள், சொல்லுங்கள். என் பிழையால் அவளுக்குக் கிடைக்காமல் போகக்கூடாது.

ததேயுஸ்


மயிலாடி
2 ஏப்ரல் 1951

ததேயுஸுக்கு,

உம்முடைய பிழை என்று சொல்வதற்கில்லை. குளிர் தேசத்தில் தாமதமாகும். மரத்தடியில் பச்சைத் தழையைப் போட்டு ஒரு வாரம் புகை மூட்டிப் பாரும். எங்கள் பக்கம் பூக்காத மாவுக்கு அப்படிச் செய்வதுண்டு.

இங்கே மரம் இவ்வருடமும் குறைவில்லை. காற்றில் உதிர்ந்ததே இரண்டு கடவப் பெட்டி நிறைய இருந்தது. தெருவில் எல்லாருக்கும் கொடுத்தேன். வெயிலில் மணம் தெருமுனைவரை அடித்தது. அவளிடம் சொல்லும்.

இந்தக் கடிதத்தை இரண்டு தரம் எழுதிக் கிழித்தேன். மூன்றாவது இது.

நேசையன்


தேவிகுளம் மலை
22 பிப்ரவரி 1954

அன்பு மச்சான் அவர்களுக்கு,

மூன்று வருஷமாகப் புகை போடுகிறேன். கண்ணாடியெல்லாம் கறுத்ததுதான் மிச்சம். ஒவ்வொன்றாக இறக்கிச் சாம்பலும் எலுமிச்சம்பழமும் போட்டுத் தேய்த்தேன். கூரையை இரண்டாவது தரமும் உயர்த்தியாயிற்று. இப்போது ஏணி இல்லாமல் எட்டாது.

அம்மா இனயத்திலிருந்து வந்து ஒரு மாதம் தங்கினாள். "ஏலே மக்கா, செத்தவளுக்கு மரம் வளக்கிய, இருக்கிற எனக்கு ஒரு மருமவளக் கொண்டுவரப்பிடாதா?" என்று தினம் ஒரே பாட்டு. கண்ணாடி வீட்டுக்குள் போய்ப் பார்த்தாள். வெளியே வந்த பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

மரம் என்ன செய்கிறது அங்கே? போன வருஷம் நீங்கள் எழுதவில்லை. வாசிக்க ஒன்றுமில்லாமல் கல்லறையில் சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

ததேயுஸ்


மயிலாடி
15 மே 1954

ததேயுஸுக்கு,

மரம் காய்த்தது. எப்போதும்போல.

நான் ஒன்று சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். அந்தக் கன்றை விட்டுவிடும். ஆறு வருடம் ஒரு மனிதன் செய்யக்கூடியதற்கு மேலேயே நீர் செய்துவிட்டீர். உம்முடைய தாயார் சொல்வதைக் கேளும். நாற்பது வயதுகூட ஆகவில்லை உமக்கு. கண்ணாடியை விற்றுவிட்டு, ஒரு பெண்ணைப் பார்த்து, மனிதரைப்போல இரும். கிரேசி இருந்தாலும் இதையே சொல்வாள்.

அவள் திருமணத்துக்கு வராதவன் இதைச் சொல்வது உமக்கு வேடிக்கையாக இருக்கலாம். எனக்கே அப்படித்தான் இருக்கிறது.

நேசையன்


தேவிகுளம் மலை
29 ஜனவரி 1956

அன்புள்ள மச்சான்,

பூத்துவிட்டது!

மூன்று வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை சாம்பல் டின்னை வைக்கப் போனேன், உச்சியில் ஐந்து பூங்கொத்து. மூக்கை வைத்துப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவள் தலைமுடி மணம் ஞாபகம் வந்தது. முத்துநாயகத்தைக் கூட்டி வந்து காட்டினேன். மனுஷன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், பூசையில் நிற்கிற மாதிரி.

அப்புறம்தான் ஒரு கவலை. கண்ணாடிக்குள் ஈ எறும்பு இல்லை. பூவுக்குப் பூ மகரந்தம் யார் கொண்டுபோவது? எங்கள் கடற்கரைப் புத்திதான் உதவியது. அம்மா கொடுத்தனுப்பிய கருவாட்டுத் தலைகளைத் தண்ணீரில் ஊறப்போட்டு உள்ளே நாலு இடத்தில் கட்டித் தொங்கவிட்டேன். இரண்டு நாளில் மலையிலுள்ள ஈயெல்லாம் உள்ளேதான். "ஏன் ததேயுஸே, மாங்கா காய்க்கப் போவுதா, மத்திமீனு காய்க்கப் போவுதா?" என்கிறார் முத்துநாயகம். நாற்றம் தாங்க முடியவில்லை. ஆனால் சில பூ பிஞ்சாகிவிட்டது மச்சான், மிளகு அளவில்.

ஆனி ஆடியில் பழுக்கும். நீங்கள் வர வேண்டும். முதல் பழத்தை நாம் இரண்டு பேருமாக அவளிடம் கொண்டுபோவோம். உங்கள் மரத்துப் பழம், உங்கள் கையால் வைத்தால்தான் அவளுக்கு நிறையும்.

ததேயுஸ்


மயிலாடி
19 பிப்ரவரி 1956

ததேயுஸ்,

நான் வர முடியாது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

நீர் வளர்ப்பது ஒட்டு மரம் அல்ல. அது வெறும் கொட்டைக் கன்று. அதன் தண்டில் நாரைச் சுற்றி, மேலே களிமண் பூசி ஒட்டுபோல ஆக்கினேன். முத்துநாயகம் வாசற்படியில் இருக்கும்போதே, வீட்டுக்குப் பின்னால் வைத்துச் செய்தேன். என் மாணவன் எவனாவது இப்படி ஒரு வேலை செய்திருந்தால் பள்ளியைவிட்டே அனுப்பியிருப்பேன்.

ஒட்டுக் கட்ட மரம் இல்லை. அதை நான் வெட்டிவிட்டேன்.

கிரேசி இறந்த தந்தி வந்த மறுநாள் ஆள் கூப்பிட்டேன். மரம் நிறையக் காயும் பழமுமாக நின்றது. தாணம்மாள் ஓடிவந்து, "சாரே, என்னத்துக்கு இந்தப் பாவம்? காய்ச்சு நிக்கித மரத்தப் போயி வெட்டுதியளே! பறிச்சாவது தாருங்க" என்று கோடாலிக்காரன் கையைப் பிடித்தாள். எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போ என்றேன். எனக்கு அந்தக் கிழக்குக் கொம்பு கண்ணில் படக்கூடாது. படிக்கிற மேசைக்கு நேரே அந்த ஜன்னல். நிமிரும்போதெல்லாம் கொம்பிலிருந்து இரண்டு கால் தொங்குவதுபோல இருந்தது.

அவள் கடைசியாக ஆசைப்பட்டது அந்தப் பழத்துக்குத்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒரு வருடம் கழித்து உம்முடைய கடிதத்தில் படித்தேன். அதைப் படித்த பிறகு, வெட்டிவிட்டேன் என்று எழுத என் கை வரவில்லை. மரம் இருக்கிறது, தரமாட்டேன் என்று எழுதுவது சுலபமாக இருந்தது. கல்நெஞ்சன் என்று நினைத்துக்கொள்ளட்டும், அது எனக்குப் பழகிய பெயர்தான். பிறகு நீர் அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன் என்று எழுதினீர். அதற்குமேல் நிறுத்த முடியவில்லை. வருடா வருடம் இல்லாத மரத்தை இன்னும் பெரிதாகக் காய்க்க வைத்தேன்.

கன்று எங்கிருந்து வந்தது என்று கேட்பீர். மரம் விழுந்தபோது நசுங்கிய பழங்களின் கொட்டைகள் அந்த ஆனி மழையில் முளைத்தன. ஒன்றை எடுத்துச் சட்டியில் வைத்திருந்தேன். எதற்கென்று அப்போது தெரியாது. ஆக, அந்த மரத்தின் பிள்ளைதான் அது. ஆனால் கொட்டைக் கன்று என்ன காய்க்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. தாயைப்போலவும் காய்க்கலாம், வாயில் வைக்க முடியாத புளிப்பாகவும் காய்க்கலாம். இது அந்தப் பழம் என்று சொல்லி அவள் தலைமாட்டில் வைக்க வேண்டாம். அதற்காகத்தான் இப்போது எழுதுகிறேன்.

அந்த மூன்று கடிதங்களையும் ஏன் திருப்பினேன் என்று நீர் ஒருநாளும் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டு எழுதுகிறாள் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் கேட்கட்டும் என்று இருந்தேன். நாலாவது கடிதத்தைப் பிரித்துவிடுவதாக முடிவுசெய்திருந்தேன். பதிலாக என்ன எழுதுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். நாலாவது வரவில்லை.

அவை உம்மிடம் இருந்தால் எனக்கு அனுப்பும்.

நேசையன்


தேவிகுளம் மலை
20 ஆகஸ்ட் 1956

மச்சான் அவர்களுக்கு,

ஆறு மாதமாக எழுத உட்கார்ந்து எழும்பிவிடுகிறேன். இன்று முடித்துவிடுகிறேன்.

ஒட்டு இல்லை என்பது எனக்கு முன்னமே தெரியும். நார் இற்று விழுந்த அன்றைக்கே தெரியும். குழாய்க்குக் குழாய் ஒட்டவைத்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். இரண்டு சேர்ந்த இடத்தில் தழும்பு இல்லாமல் இருக்குமா? நல்ல கை என்று உங்களுக்கு எழுதினேன். அதற்கு என்ன பதில் எழுதுகிறீர்கள் என்று பார்த்தேன். புகை போடச் சொன்னீர்கள். போட்டேன்.

கோபம் வரவில்லை. மரத்தைப் பங்குபோட மனசு வரவில்லை, ஆனாலும் வெறுங்கையாக அனுப்பவும் மனசு வரவில்லை, தோட்டத்தில் கிடந்த ஒரு கன்றையாவது கொடுத்தாரே என்று நினைத்தேன். கிரேசி நடந்த மண்ணில் முளைத்தது. அது போதும் என்று இருந்தேன்.

ஆனால் மரம் இல்லை என்பது தெரியாது.

எட்டு வருஷம், மச்சான். ஒவ்வொரு தரமும் உங்கள் கடிதத்தைக் கொண்டுபோய், குனிந்து நின்று, கிழக்குக் கொம்பில் நூறு காய் என்று அவளிடம் சொன்னேன். தெருமுனைவரை மணம் அடித்தது என்று சொன்னேன். கல்யாணமாகி அவள் உயிரோடு இருந்த மூன்று வருஷத்தில் நான் அவளிடம் ஒரு பொய் சொன்னதில்லை. குடித்தால் குடித்தேன் என்பேன். செத்த பிறகு, உங்கள் வாயால், என்னை அவளிடம் பொய் சொல்ல வைத்துவிட்டீர்கள். மரத்தை வெட்டியதைக்கூட நான் பொறுப்பேன். ஆத்திரத்தில் வெட்டியது. இதை என்னால் முடியவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும் சொல்லிப் பார்த்தேன். மன்னிக்கச் சொன்னார். வாயால் சொன்னேன்.

மூன்று கடிதங்களையும் அவள் கையில் வைத்துத்தான் பெட்டியை மூடினேன். நானும் பிரிக்கவில்லை. அவை உங்களுக்கு எழுதியவை.

பழம் இரண்டு நின்றது. ஆடி பதினெட்டாம் நாள் பறித்தேன். ஒன்றை அவளிடம் கொண்டுபோனேன். ஒன்றை நான் தின்றேன். எப்படி இருந்தது என்று அவளிடம் சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்ல மாட்டேன்.

இனிமேல் எழுதாதீர்கள். வந்தால் நானும் பிரிக்காமல் திருப்பிவிடுவேன்.

ததேயுஸ்


தேவிகுளம் மலை
9 டிசம்பர் 1956

மாப்பிள்ளை ததேயுஸுக்கு,

இதை இனயத்தில் உம்முடைய தாயார் வீட்டு விலாசத்துக்கு அனுப்புகிறேன். உறையில் என் பெயரைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன். திருப்புவதானால் தெரிந்தே திருப்பும்.

எழுத வேண்டாம் என்றீர். அதனால் நேரில் வந்தேன். ராஜ்யங்களைப் பிரித்ததில் எங்கள் பக்கம் இப்போது சென்னை ராஜ்யம், உம்முடைய மலை கேரளத்தில். பள்ளியில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்ததும் நீண்ட விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். தலைமை ஆசிரியர், "தங்களுக்கு மலையில் யார் இருக்கிறார்கள்?" என்றார். தங்கை என்றேன்.

உம்முடைய வீடு பூட்டிக் கிடந்தது. முத்துநாயகம் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "அன்னைக்கு உங்க படியில நான் இருந்தேன், இன்னைக்கு எங்க படியில நீங்க இருக்கிய" என்றார். பிறகு, "அவன் வேலைய விட்டுட்டுப் போயிட்டான் சாரே. கடலுக்குப் போறேன், அங்க பொய் இல்லைன்னு சொன்னான்" என்றார்.

முதலில் கல்லறைக்குப் போனேன். வழி அவர் காட்டினார், கூட வரவில்லை. நான் வாய்விட்டுச் சொன்னேன். மரத்தை வெட்டியது நான், பொய் எழுதியது நான், ததேயுஸ் வாசித்ததெல்லாம் என் பொய், அவர் உன்னிடம் ஒருநாளும் பொய் சொல்லவில்லை என்று சொன்னேன். ஐம்பத்தொரு வயதில், எந்தக் கேள்விக்கும் தெரியாது என்று சொல்லாத நான், ஏன் இப்படிச் செய்தேன் என்று தெரியாதம்மா என்றும் சொன்னேன். கல்லின்மேல் ஒரு மாங்கொட்டை காய்ந்து கிடந்தது. எறும்பு தின்று நாராக இருந்தது. நான் அதைத் தொடவில்லை.

பிறகுதான் கண்ணாடி வீட்டைப் பார்த்தேன். கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறீர். சட்டத்துக்குள் மரம் பனிக்கு வெறும் மேனியாக நிற்கிறது. எனக்குச் செய்ய வேண்டியதை மரத்துக்குச் செய்திருக்கிறீர் என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால், ஒவ்வொரு கண்ணாடியிலும் சுண்ணாம்புக் கட்டியால் எண் எழுதியிருக்கிறது. எங்கள் தொழிலிலும் சுண்ணாம்புக் கட்டிதான். புதிதாக எழுதியது எது, பழையது எது என்று எனக்குத் தெரியும். இது புதிது. ஒரேயடியாக விட்டுப் போகிறவர் எண் போட மாட்டார்.

நாலு நாளாக நானே மாட்டுகிறேன். ஆணியும் சுத்தியலும் முத்துநாயகம் தந்தார். உம்மைப்போல் வராது. இரண்டு உடைந்துவிட்டன, வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறேன், எழுத்தைப் பார்த்தாலே தெரியும். பக்கத்துக் கண்ணாடி முப்பத்திரண்டையும் பதித்துவிட்டேன். உடைந்த இரண்டுக்கும் சாக்கு. சூட்டுச் சாம்பலை டின்னில் கொண்டுவந்து வைக்கிறேன். நேற்றுக் காலை புல் வெள்ளையாக இருந்தது. மேல் இலைகளில் ஓரம் கருகியிருக்கிறது. தண்டு பச்சையாகத்தான் இருக்கிறது, நகத்தால் கீறிப் பார்த்தேன்.

பழம் எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. இனிமேலும் கேட்க மாட்டேன்.

கூரைக் கண்ணாடிகள் பன்னிரண்டும் அப்படியே சுவரோரம் இருக்கின்றன. ஏணியில் ஏறிப் பார்த்தேன். நாலாம் படியிலிருந்து இறங்கிவிட்டேன். அந்த உயரத்துக்கு என்னால் முடியாது, மாப்பிள்ளை. மேலே திறந்தேதான் கிடக்கிறது.

நேசையன்